பெயர் கேட்கப்படாத பெண்: 'வள்ளி திருமண'த்தின் முதல் இரண்டு மணி நேரம்

'வள்ளி திருமணம்' பற்றி எழுதுகிறவர்கள் ஏறக்குறைய எல்லோரும் ஒரே வழியில்தான் போகிறார்கள். கந்தபுராணத்தில் தொடங்குவார்கள். சங்கரதாஸ் சுவாமிகளுக்கு வருவார்கள். கிட்டப்பா, சுந்தராம்பாள் என்று இரண்டு பத்தி, நாரதருக்கும் வள்ளிக்கும் நடக்கிற தர்க்கத்தின் தமிழ்நயம் பற்றி ஒரு பத்தி. கடைசியில், சினிமாவும் டி.வி.யும் வந்து எல்லாம் பாழாகிவிட்டது என்று ஒரு பெருமூச்சு. இப்படியான கட்டுரைகளை நிறையப் படித்திருக்கிறேன். அவற்றில் பல, உழைத்து எழுதப்பட்டவை. ஆனால் ஸ்பெஷல் நாடகம் ராத்திரி பத்து மணிக்குத் தொடங்குகிறது. வள்ளியின் கதை தொடங்குவதோ பன்னிரண்டு மணிவாக்கில். இடைப்பட்ட இரண்டு மணி நேரம் இந்தக் கட்டுரைகளில் இல்லை. அந்த இரண்டு மணி நேரத்தில் ஒரு பெண் மேடைக்கு வருகிறாள், ஆடுகிறாள், சிரிக்கிறாள், ஒருத்தனோடு வாயடிக்கிறாள், போய்விடுகிறாள். நான் பேச நினைப்பது அவளைப் பற்றி.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நான் மணலூர்பேட்டைக்காரன். தென்பெண்ணைக் கரை. 1993 வரை தென்னார்க்காடு, அப்புறம் விழுப்புரம், 2019லிருந்து கள்ளக்குறிச்சி மாவட்டம் என்று போர்டு மாறிக்கொண்டே வந்த பிரதேசம். ஆனால் எந்த மாவட்டத்தில் இருந்தாலும் இது கூத்து ஆடுகிற சீமை. திரௌபதி அம்மன் கோவில், பாரதம் படித்தல், பத்து ராத்திரி கூத்து, கட்டியக்காரன், முகவீணை, ஆண்களே கட்டுகிற பெண்வேஷம், இதுதான் எங்களுக்கு ராத்திரி. ஸ்பெஷல் நாடகம் மதுரை, புதுக்கோட்டை, திண்டுக்கல் பக்கத்து விவகாரம். அதை நான் வெளியாளாகத்தான் பார்த்தேன். வெளியாளுக்கு உள்ள சௌகரியம், எது முக்கியம் எது முக்கியமில்லை என்று யாரும் அவனுக்கு முன்கூட்டிச் சொல்லிவைப்பதில்லை என்பது.

எங்கள் பக்கத்து வாசகர்களுக்காக: இதில் 'ஸ்பெஷல்' என்றால் கம்பெனி இல்லை என்று அர்த்தம். ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், டான்ஸ், ஆர்மோனியம், மிருதங்கம் என்று ஒவ்வொருவரும் தனித்தனியாக ஒப்பந்தமாகிறார்கள். ஒருவர் ஒரு ஊரிலிருந்து பஸ் ஏறுவார், இன்னொருவர் வேறு ஊரிலிருந்து. அன்றைக்கு ராத்திரி மேடையில்தான் சந்திப்பு. ஒத்திகை கிடையாது. நாடகம் எல்லோருக்கும் மனப்பாடம், ஆகவே ஒத்திகை தேவைப்படுவதும் இல்லை. பங்குனி, சித்திரை, வைகாசி என்று கோவில் திருவிழாக் காலம் முழுக்க விடிய விடிய நடக்கும். சங்கரதாஸ் சுவாமிகள் 1922இல் புதுச்சேரியில் இறந்துபோனார். அவருடைய நாடகங்கள் இந்த ஏற்பாட்டுக்குள் புகுந்து நூறு வருஷத்துக்கும் மேலாக ஆடிக்கொண்டிருக்கின்றன. அதிலும் 'வள்ளி திருமணம்' முதலிடம்.

நீண்ட காலம் ஓடிய இசைநாடகம் என்றால் வெளியுலகத்தில் கணக்கு வேறு மாதிரி. 1894இல் லண்டன் கெய்ட்டி தியேட்டரில் தொடங்கிய 'தி ஷாப் கேர்ள்' 546 தடவை நடந்தது. நியூயார்க்கில் 1956இல் தொடங்கிய 'மை ஃபேர் லேடி' 2,717 தடவை. ஒரே கொட்டகை, ஒரே தயாரிப்பு, டிக்கெட் அடிக்கட்டையைப் பார்த்து எண்ணிவிடலாம். 'வள்ளி திருமண'த்தை யார் எண்ணுவது? ஒரே ராத்திரியில் நாலு ஊரில் நாலு வள்ளி நின்றுகொண்டிருப்பாள். ஆனால் எண்ணிக்கையை விட எனக்கு அந்த வெளிநாட்டு நாடகங்களில் கவனிக்கத் தோன்றுவது அவற்றின் நாயகிகளைத்தான். கடையில் வேலை செய்கிற பெண், தெருவில் பூ விற்கிற பெண். பட்டணத்துப் பெண், வாயாடி, கலகலப்பானவள். அவள் தெருவில் நின்று சிரிப்பதைப் பார்க்க ஜனம் பணம் கொடுத்து வருஷக்கணக்கில் வந்தது. நம் மேடையில் இப்படிப்பட்ட பெண் உண்டா என்று கேட்டால் உடனே வருகிற பதில் 'இல்லை' என்பது. நம்முடைய கலகலப்பான பெண் மலையில் இருக்கிறாள், தினைப்புனத்தில் ஆலோலம் பாடுகிறாள்.

பட்டணத்துப் பெண்ணுக்கு நம் மேடை கொடுத்த இடம் தெரிந்ததுதான். காசி விஸ்வநாத முதலியாரின் 'டம்பாச்சாரி விலாசம்' 1867. சென்னையில் ஒரு பணக்காரன் தாசியிடம் சொத்தையெல்லாம் விட்டுவிட்டு நிற்கிற கதை. எண்பது வருஷம் கழித்து எம்.ஆர். ராதா ஊர் ஊராகப் போட்ட 'ரத்தக்கண்ணீ'ரில் காந்தா. நாடக வடிவம் மாறியது, அரசியல் மாறியது, சீர்திருத்தப் பேச்சு வந்தது. பட்டணத்தில் ஆடிப்பாடுகிற பெண் மட்டும் ஆணின் பணத்தையும் உடம்பையும் தின்கிறவளாகவே இருந்தாள். திருவாரூர் தங்கராசுவின் பிரதி எத்தனை பேரைக் கிழிகிழியென்று கிழித்தது! காந்தா விஷயத்தில் மட்டும் அது டம்பாச்சாரி காலத்து ஒழுக்கத்தையே பேசியது என்பது என் அபிப்பிராயம். தோழர்கள் சண்டைக்கு வரலாம்.

ஆக, பட்டணத்துப் பெண் சிரித்தால் அது ஆபத்து, மலைப்பெண் சிரித்தால் அது அழகு. கந்தபுராணக் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். முருகனுக்கு இரண்டு கல்யாணம். ஒருத்தி இந்திரன் மகள், அமராவதிப் பட்டணத்துப் பெண். பெரியவர்கள் பேசி முடித்து, திருப்பரங்குன்றத்தில் முறைப்படி நடந்த கல்யாணம். 'தெய்வயானை திருமணம்' என்று விடிய விடிய ஆடுகிற நாடகம் எதையும் நான் பார்த்ததில்லை. அதில் ஆடுவதற்கு என்ன இருக்கிறது? அவளுக்குப் பேச்சே இல்லை. பேச்செல்லாம் வள்ளிக்கு. காவலுக்கு வந்த இடத்தில் தனியாக நிற்கிறாள், வருகிறவன் போகிறவனையெல்லாம் மடக்குகிறாள், நாரதர் மாதிரி ஒரு முனிவரையே வாதத்தில் திணறடிக்கிறாள்.

இப்போது அந்த முதல் இரண்டு மணி நேரத்துக்கு வருகிறேன்.

புதுக்கோட்டைப் பக்கம் எங்கள் வீட்டுப் பெண் ஒன்றைக் கட்டிக்கொடுத்திருந்தோம். அந்த ஊர் அம்மன் திருவிழாவுக்கு 1994 வைகாசியில் அத்தையைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். அத்தை கூத்து பார்த்து வளர்ந்தவள். பதினெட்டாம் போர் எத்தனை தடவை பார்த்தாள் என்று அவளுக்கே கணக்கில்லை. நாடகத்தில் நிஜப் பெண்பிள்ளைகள் வேஷம் கட்டுவார்கள் என்று கேள்விப்பட்டிருந்தாளே தவிர பார்த்ததில்லை. கூட்டத்தில் பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம். பின்னால் தெரு எழுதிய சீன் துணி. பபூன் வந்தான். பெரியோர்களே தாய்மார்களே என்று எல்லோரிடமும் மன்னிப்பு கேட்டுவிட்டு, மன்னிக்க முடியாத ஜோக்குகளாகச் சொன்னான். அப்புறம் டான்ஸ் வந்தாள்.

அந்த வருஷத்து சினிமாப் பாட்டு. ஜிகினா வைத்த பாவாடை. தெருவில் ஆடிக்கொண்டு வருகிறாள். எதற்கு ஆடுகிறாள் என்பதற்குக் கதையில் காரணம் எதுவும் கிடையாது. அவளுக்கு ஆடத் தோன்றுகிறது, ஆடுகிறாள். எதிரே பபூன் வருகிறான். மோதல். 'நீ வந்து இடிச்சியா, நான் வந்து இடிச்சனா' என்று தொடங்குகிறது. இது பொது ரோடு, பொம்பளைப் பிள்ளைக்கு இங்கே என்ன வேலை, ஏன், ரோடு உங்க அப்பன் வீட்டுதா என்று வளர்கிறது. போட்டி, பாட்டுக்குப் பாட்டு, வசவுக்கு வசவு, கடைசியில் இரண்டு பேருக்கும் காதல். ஜனம் உருண்டு உருண்டு சிரித்தது. அத்தை முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். பிறகு, கட்டிய பெண்டாட்டியை அடிக்கிற காமிக் ஒன்று. பிறகு சீன் துணி மாறி, ராஜபார்ட் வந்து, நாடகம் 'ஆரம்ப'மாகியது.

விடியற்காலை முருகன் கிழவனாகி, யானை வந்து, வள்ளி கல்யாணம் முடிந்து மங்களம் பாடினார்கள். எழுந்து வருகிறபோது அத்தை கேட்டாள்: "ஏன்டா, அந்த டான்ஸ் ஆடுன பொண்ணு எங்கடா போச்சி? அப்பறம் வரவே இல்லியே. அவன கட்டிக்கிச்சா, இன்னா ஆச்சின்னே சொல்லலியே."

கூத்துக்காரியின் கேள்வி அது. கூத்தில் யாரும் சும்மா வந்துவிட முடியாது. வேஷம் திரைக்குப் பின்னால் நிற்கும், கட்டியக்காரன் கேட்பான்: யார் நீ, எந்த ஊர், யார் மகள், எதற்கு வந்தாய்? திரௌபதியானாலும் சுபத்திரையானாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். பெயரும் ஊரும் குலமும் சொன்ன பிறகுதான் திரை விலகும். அப்படி வந்தவள், கதையை விட்டுப் போகும்போதும் ஒரு கணக்குத் தீர்த்துவிட்டுத்தான் போவாள். டான்ஸிடம் பபூன் ஆயிரம் கேள்வி கேட்கிறான், கட்டியக்காரன் கேட்கிற அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. அவளுக்குப் பெயர் இல்லை, ஊர் இல்லை, அப்பன் இல்லை. பதினாறு வயசு என்பது மட்டும் தெரியும். பன்னிரண்டு மணிக்குப் பிறகு அவளை யாரும் தேடுவதில்லை, என் அத்தையைத் தவிர.

இந்த இருவர் காட்சியை 'ஆபாசம்', 'நடுவில் சேர்ந்த கலப்படம்', 'கூட்டம் பிடிக்கிற உத்தி' என்று ஒதுக்கிவிடுவது நம் ஆய்வாளர்களின் வழக்கம். 90களில் சிறுபத்திரிகைகள் கூத்தைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடியபோதுகூட ஸ்பெஷல் நாடகத்துக்கு அந்த மரியாதை கிடைக்கவில்லை. கூத்து 'வேர்', இது கலப்பு. தூய்மை மேல் இத்தனை ஆசை நமக்கு ஏன் என்று தனியாக ஒரு கட்டுரை எழுத வேண்டும். இங்கே அதற்கு இடமில்லை.

நான் சொல்ல வருவது இது. டான்ஸ் - பபூன் காட்சியும் வள்ளி - முருகன் கதையும் ஒரே கதை. ஒரு பெண் தனியாக வெட்டவெளியில் நிற்கிறாள். ஒரு ஆண் வருகிறான். மோதல். யாருடைய இடம் இது என்ற தகராறு. வாய்ச்சண்டை, கேலி, வேஷம், கடைசியில் சேர்க்கை. தெருவை எடுத்துவிட்டுத் தினைப்புனத்தை வையுங்கள், பபூனை எடுத்துவிட்டு வேலனை வையுங்கள், அவ்வளவுதான். நள்ளிரவுக்கு முன்னால் ஒரு தடவை, பின்னால் ஒரு தடவை என்று அதே ராத்திரியில் ஜனம் அதே கதையை இரண்டு தரம் பார்க்கிறது. இரண்டாவது தடவை பார்க்கும்போது அதற்குப் பேர் பக்தி.

இரண்டுக்கும் வித்தியாசம் எங்கே இருக்கிறது? வள்ளி வெட்டவெளியில் நிற்பதற்குக் காரணம் உண்டு. அப்பன் நம்பிராஜன் காவலுக்கு அனுப்பியிருக்கிறான். அவள் வேலையாக வந்தவள். வருகிறவன் கிழவனோ வேடனோ அல்ல, சாமி. அது பார்வையாளருக்கு முதலிலேயே தெரியும். அவளுக்கே கூடத் தெரியாத ஒரு பிறப்பும் அவளுக்கு இருக்கிறது: மான் வயிற்றில் பிறந்தாலும் முனிவரின் மகள், குறவர் வளர்த்தாலும் குறத்தி அல்ல. அப்பனின் உத்தரவு, சாமியின் சம்பந்தம், உயர்ந்த பிறப்பு என்று மூன்று ஜாமீன். இந்த மூன்றும் இருந்தால் ஒரு பெண் வெட்டவெளியில் எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம், சிரிக்கலாம். லண்டன்காரனும் இதற்கு விதிவிலக்கில்லை. 'ஷாப் கேர்ள்' பெஸ்ஸி பிரெண்ட் கடையில் நின்று எவ்வளவு கலகலப்பாக இருந்தாலும், கடைசியில் கோடீஸ்வரனின் சொத்துக்கு வாரிசு என்று கண்டுபிடிக்கப்பட்டாக வேண்டும். பூக்காரி எலிசா சீமாட்டியின் உச்சரிப்பைக் கற்றுக்கொண்டாக வேண்டும். சாதி அங்கே வேறு மாதிரி வேலை செய்கிறது. 

டான்ஸுக்கு இந்த ஜாமீன் ஒன்றுமில்லை. தெருவில் ஆடுவதற்கு அவளுக்கு அப்பன் உத்தரவு இல்லை, கண்டுபிடிக்க வேண்டிய பிறப்பும் இல்லை, எதிரே வருகிறவன் சாமியும் இல்லை. சந்தோஷமாக இருக்கிறாள், அது ஒன்றுதான். நம் மேடையில் பட்டணத்துத் தெருவில், ஒருவனையும் கெடுக்காமல், ஒருவனிடமும் கெட்டுப்போகாமல், சும்மா சந்தோஷமாக இருந்த பெண் என்று நான் கண்டது இவளைத்தான். அதற்கு அவள் கொடுத்த விலை, பெயர் இல்லாமல் வந்து பெயர் இல்லாமல் போவது. இன்னொன்றையும் மறைக்கக் கூடாது: அவளை அடுத்து வருகிற காமிக்கில் பெண்டாட்டி அடிவாங்குகிறாள். காதலித்து ஆடினவளுக்கு அப்புறம் என்ன ஆகும் என்ற அத்தையின் கேள்விக்கு நாடகம் சொல்லாமல் சொல்கிற பதில் அதுவாகவும் இருக்கலாம். சிரித்துக்கொண்டேதான் சொல்கிறது. கூட்டமும் சிரித்துக்கொண்டேதான் கேட்டது, நானும் அதில் ஒருவன்.

சூசன் சைசர் என்ற அமெரிக்க மானிடவியலாளர் இந்தக் கலைஞர்களோடு பல காலம் சுற்றி 2005இல் 'ஸ்டிக்மாஸ் ஆஃப் த தமிழ் ஸ்டேஜ்' என்ற புத்தகத்தைக் கொண்டுவந்தார். நாம் ஆபாசம் என்று தள்ளின பபூன் - டான்ஸ் காட்சிக்கு அதில் பெரிய இடம் உண்டு. பொதுத்தெருவில் பெண் என்ற பதற்றத்தை அவர் அங்கே படிக்கிறார். அந்தப் படிப்பில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் பதற்றத்தை மட்டும் பார்த்தால் பெண்கள் பக்கத்திலிருந்து வந்த சிரிப்பை என்ன செய்வது? என் அத்தை அவமானப்பட்டுச் சிரிக்கவில்லை. 'ரோடு உங்க அப்பன் வீட்டுதா' என்ற இடத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளைத் தொடையில் தட்டிச் சிரித்தாள். எங்கள் ஊரில் தை ஐந்தாம் நாள் அண்ணாமலையார் தீர்த்தவாரிக்குத் தென்பெண்ணைக்கு வருவார். ஆற்றுத் திருவிழா. மணலில் கடை, ராட்டினம், கரும்பு, ஊர்பட்ட கூட்டம். வருஷத்தில் அந்த ஒரு நாள் குமரிப்பெண்கள் கும்பலாக நடந்து உரக்கச் சிரித்துக்கொண்டு போவார்கள். "ரோட்ல போறப்ப இன்னா இளிப்பு" என்று ஒரு கிழவன் குரல் எங்கிருந்தாவது வந்துவிடும். என் அத்தைக்கும் அந்தக் குரல் கேட்டிருக்கும். அதற்கு அவள் சொல்லாத பதிலை மேடையில் ஒருத்தி மைக்கில் சொன்னாள்.

அப்படியானால் மலைப்பெண்? எங்கள் மாவட்டத்திலேயே மலை இருக்கிறது, கல்வராயன். அங்கே சாமை, தினை போட்டு, கிளி விரட்டிக் காவல் காத்த பெண்கள் நிஜமாகவே உண்டு. கடுக்காயும் புளியும் சுமந்து கீழே இறங்கி வருகிற மலையாளிப் பெண்ணைப் பார்த்து யாருக்காவது வள்ளி ஞாபகம் வந்து நான் கண்டதில்லை. மேடை வள்ளிக்கும் அவளுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. வள்ளி பேசுகிற பேச்சைக் கேட்டுப்பாருங்கள். நாரதரோடு தர்க்கம் செய்யும்போது அதில் பஸ் கட்டணம் வரும், எலெக்ஷன் வரும், ரேஷன் கடை வரும். தர்க்கத்தில் அன்றன்றைக்குச் சொந்தமாகப் பேசுவதற்கு இடம் விட்டிருக்கிறார்கள். அந்த இடத்தில் பேசுவது பட்டணத்து நடிகையின் வாய். தினைப்புனம் எழுதின சீன் துணிக்கு முன்னால் நின்று மார்க்கெட்டுப் பேச்சு பேசுகிறாள். டான்ஸ் நள்ளிரவில் போய்விடவில்லை, வள்ளியின் வாய்க்குள் போய் உட்கார்ந்துகொள்கிறாள் என்றே எனக்குப் படுகிறது. வேடிக்கை என்னவென்றால், கல்வராயன் மலையாளிகளிடம் அவர்களுடைய பூர்வீகக் கதையைக் கேட்டால், எங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்தவர்கள் என்றுதான் சொல்கிறார்கள். மலைப்பெண்ணுக்கே ஊர் பட்டணம்தான். கீழ்நாட்டுக்காரனுக்குத்தான் அவள் மலையிலேயே பிறந்தவளாக இருக்க வேண்டியிருக்கிறது.

நாடகம் நூறு வருஷம் நிலைத்ததற்குச் சங்கரதாஸ் சுவாமிகளின் தமிழைக் காரணமாகச் சொல்கிறோம். அந்தத் தமிழின் பெருமையை நான் குறைக்கவில்லை. ஆனால் அவருடைய பாட்டுகள் எல்லா ராத்திரியும் அதே பாட்டுகள். மாறிக்கொண்டே வந்தது அந்த முதல் இரண்டு மணி நேரம். டான்ஸ் பாடுகிற பாட்டு அந்தந்த வருஷத்துப் பாட்டு, கட்டுகிற உடுப்பு அந்தந்த வருஷத்து உடுப்பு. வயல்வேலை முடித்துச் சாப்பிட்டுவிட்டு வருகிற இளவட்டங்களை அவள்தான் பன்னிரண்டு மணிவரை உட்காரவைத்தாள். உட்கார்ந்தவர்கள்தான் அப்புறம் காம்போதியையும் மோகனத்தையும் கேட்டார்கள். 'கூட்டம் பிடிக்கிற உத்தி' என்று பழிக்கிறவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும், கூட்டம் பிடிபடாமல் போயிருந்தால் எந்தத் தமிழை யார் கேட்டிருப்பார்கள்?

நாடகம் பிரதியானபோதெல்லாம் அவள் காணாமல் போனாள். அச்சில் வந்த 'வள்ளி திருமணம்' புத்தகங்களில் அவள் இல்லை, இருக்கவும் முடியாது. அவளுடைய பேச்சை யாரும் எழுதவில்லை. சுவாமிகளின் பெயரை வைத்துப் பதிப்பிக்கிறவர்களுக்கு அவள் சுவாமிகளின் சரக்கில்லை. 1933இல் டி.பி. ராஜலட்சுமி வள்ளியாக நடித்துப் படம் வந்தது. 1945இல் ஏவி.எம்.மின் 'ஸ்ரீவள்ளி' வந்தது. அதில் ருக்மணியின் உடம்புக்குப் பி.ஏ. பெரியநாயகியின் குரலை ஒட்டவைத்தார்கள். வள்ளியையே உடம்பு வேறு குரல் வேறாகப் பிரிக்க முடிந்த இடத்தில் டான்ஸை யார் நினைத்துப் பார்ப்பது? ஆனால் சினிமா அவளை எடுத்துக்கொண்டது. வேறு படங்களில், வேறு பெயர்களில், சமயத்தில் பெயரில்லாமலும். தமிழ் சினிமாவில் கதைக்குச் சம்பந்தமில்லாமல் ஒரு பாட்டுக்கு வந்து ஆடிவிட்டுப் போகிற பெண்ணின் வம்சாவளியை ஹாலிவுட்டில் தேடுகிறவர்கள் புதுக்கோட்டைக்கு ஒரு தடவை போய்வரலாம்.

இந்த வேஷத்தைக் கட்டுகிற பெண்களின் வாழ்க்கை மேடையில் வருகிற தெருவைப் போல லேசானதல்ல. ராத்திரி வேலை. பொழுது சாய்கிறபோது கிளம்பி, வேனிலோ பஸ்ஸிலோ போய், விடியற்காலையில் திரும்ப வேண்டும். தெருவில் ஆடுகிற பெண்ணாக நடிக்கிறவள், நிஜத் தெருவில் அடக்கமாகப் புடவை கட்டி, தலை குனிந்து, துணைக்கு ஆள் வைத்துக்கொண்டு போகிறாள். நாடகக்காரி என்று தெரிந்துவிடக்கூடாது என்று படாதபாடு. கும்பகோணம் பாலாமணி அம்மாள் பெரும்பாலும் பெண்களையே வைத்து நாடகக் கம்பெனி நடத்தின காலத்திலிருந்து இந்தப் பழி தொடர்கிறது. சுவாமிகள் 1918இல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில் பெண்வேஷத்தையும் பையன்களே கட்டினார்கள். அது ஒழுங்கு. ஸ்பெஷல் நாடகத்தில் பெண்கள் வந்தார்கள், உடனே அது ஒழுங்கின்மையாகிவிட்டது. எங்கள் கூத்தின் 'தூய்மை'யும் பெண்ணை மேடையேற்றாத தூய்மைதான் என்பதை நாங்கள் வசதியாக மறந்துவிடுகிறோம்.

பெயர் விஷயத்துக்கு வருகிறேன். மேடையில் டான்ஸுக்குப் பெயர் இல்லை. ஆனால் சுவரில் இருக்கிறது. ஸ்பெஷல் நாடகத்துக்கு நோட்டீஸ் அடிப்பார்கள். நடிக்கிற ஒவ்வொருவரின் போட்டோவும், பெயரும், பெயருக்கு முன்னால் ஊரும் போட்டு, பெரிய தாளில். ராஜபார்ட்டும் ஸ்திரீபார்ட்டும் கண்ணில் படுகிற இடத்தில் பெரிதாக. நான் பார்த்த நோட்டீஸ்களில் பபூனும் டான்ஸும் பெரும்பாலும் கீழ்வரிசையில். திருவிழா முடிந்த மறுநாள் காலை நானும் அத்தையும் பஸ்ஸுக்கு நின்ற இடத்தில் அந்த நோட்டீஸ் ஒட்டியிருந்தது. அத்தைக்குப் படிக்கத் தெரியாது. போட்டோவைக் காட்டி, "இதான அது? இன்னா பேரு போட்ருக்குது?" என்றாள். படித்துச் சொன்னேன். பெயரையும், ஊரையும். பெரிய ஊர்தான்.

அந்த நோட்டீஸ்களை யாராவது சேர்த்துவைத்திருக்கிறார்களா? சுவாமிகளின் பிரதிகளைத் தேடி எத்தனையோ பேர் அலைந்திருக்கிறார்கள், நல்ல காரியம். ஆனால் எந்தக் கோவிலுக்கு, எந்த வருஷம், யார் டான்ஸ், எந்த ஊர், டான்ஸாக வந்தவள் எத்தனையாவது வருஷம் ஸ்திரீபார்ட் ஆனாள் அல்லது ஆகாமலே போனாள் என்பது புத்தகத்தில் கிடைக்காது, அந்தத் தாள்களில்தான் கிடைக்கும். நூலகங்கள் அவற்றைப் புத்தகம் என்று மதித்து வாங்குவதில்லை. அடுத்த திருவிழாவுக்கு அதன் மேலேயே வேறு நோட்டீஸ் ஒட்டிவிடுகிறார்கள். அச்சாபீஸ்காரர்களிடம் பழைய மாதிரிகள் சில தங்கியிருக்கக் கூடும், போட்டோ பிளாக்குகளும் கூட. மதுரையிலோ புதுக்கோட்டையிலோ இருக்கிற நண்பர்கள் யாராவது இதை எடுத்துச் செய்தால், என்னிடம் இருக்கிற நாலைந்தையும் கொடுத்துவிடுகிறேன். ஒன்றில் பசை ஒட்டி டான்ஸின் முகம் பாதி போய்விட்டது. பெயரும் ஊரும் படிக்கிற மாதிரிதான் இருக்கின்றன.